உடலை அளக்கும் அரசு, படிக்கட்டை அளக்காத சமூகம்

மாற்றுத்திறனாளி என்பவர் யார் என்ற கேள்விக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடுத்தடுத்த இரண்டு உட்பிரிவுகளில் இரண்டு வேறு விடைகளைத் தருகிறது. இரண்டாம் பிரிவின் 'எஸ்' உட்பிரிவு, நீண்ட காலக் குறைபாடு ஒன்று உடலிலோ மனத்திலோ அறிவாற்றலிலோ புலன்களிலோ இருந்து, அது வெளியே உள்ள தடைகளோடு மோதும்போது சமூகத்தில் பிறருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறவரை மாற்றுத்திறனாளி என்கிறது. அதற்குச் சற்று முன்னால் வரும் 'ஆர்' உட்பிரிவோ, குறிப்பிட்ட ஊனங்களில் ஒன்று 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவ அதிகாரி சான்றளித்தவரைத் தனி வகையாகப் பிரித்து, வேலையிலும் உயர்கல்வியிலும் இடஒதுக்கீடு போன்ற முக்கியப் பயன்களை அவருக்கென்று ஒதுக்குகிறது.

முதல் விடையில் தடை என்பது வரையறையின் பாதி. படிக்கட்டு, உயரமான பேருந்து, சைகை மொழி தெரியாத அலுவலர், கணினித் திரைவாசிப்பான் படிக்க இயலாத இணையப் படிவம், ஏளனமான பார்வை ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். இரண்டாவது விடையில் இவை எதற்கும் இடமில்லை, அங்கே உடல் மட்டுமே இருக்கிறது, அந்த உடலுக்கு ஓர் எண் இருக்கிறது. சட்டத்தின் உயிர் முதல் விடையில் இருந்தாலும், இந்திய அலுவலகங்களின் அன்றாட நடைமுறை ஏறக்குறைய முழுவதும் இரண்டாவது விடையைக் கொண்டே நடக்கிறது என்பதும், சமூகம் மாற்றுத்திறனாளிகளை நடத்தும் முறையில் காணப்படும் பல கோணல்களுக்கு இந்த எண்ணே நிழலாக நிற்கிறது என்பதும் கவனிக்கப்பட வேண்டியவை.

40 என்ற எண் புதிதன்று. 1995இல் நிறைவேறி 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த முந்தைய சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டும் ஏற்று, 40 சதவீதத்துக்குக் கீழ் இருந்தவரை மாற்றுத்திறனாளியாகவே கருதாமல் விட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1976இல், பிரிட்டனில் உடல் குறைபாடு உடையவர்களே கூடி நடத்திய ஓர் அமைப்பு, குறைபாடு உடலுக்கு உரியது, ஆனால் ஊனம் என்ற நிலையைச் சமூகமே அந்த உடலின்மேல் ஏற்றுகிறது என்று வாதிட்டிருந்தது. மைக் ஆலிவர் என்ற சமூகவியலாளர் 1983இல் இக்கருத்துக்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் சூட்டினார். மருத்துவ மாதிரி குறைபாட்டைச் சரிசெய்ய முனைகிறது என்றால், சமூக மாதிரி சூழலைச் சரிசெய்யச் சொல்கிறது. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இந்தச் சிந்தனையின் வழி வந்தது. 2007 அக்டோபரில் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதல் விதித்த கடமையே 2016ஆம் ஆண்டுச் சட்டமாகி, ஏழு வகைகளை 21 ஆக்கி, அரசு வேலை ஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்த்தியது. வரையறையிலிருந்து இறக்கப்பட்ட 40, பயன்களின் வாசலில் மீண்டும் காவலுக்கு நின்றது.

அளவுகோலும் அதன் கணக்கும்

சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அருகில் சென்று பார்த்தால், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தெளிவாகும். போலியோவாலோ விபத்தாலோ கை கால் பாதிக்கப்பட்டவர் அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை மருத்துவர் முன் அமரும்போது, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பது கோனியோமீட்டர் எனப்படும் கோணமானியால் அளக்கப்படுகிறது; தசையின் வலு தரம் பிரிக்கப்படுகிறது; அங்கத்தின் நீளக் குறைவு, ஒத்திசைவு ஆகியவையும் சேர்க்கப்படுகின்றன. இரண்டு பாதிப்புகள் இருந்தால் அவற்றை நேரடியாகக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதை 90இலிருந்து கழித்த மீதியால் சிறிய எண்ணைப் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள். அதன்படி 40ம் 30ம் சேர்ந்தால் 70 ஆகாது, ஏறத்தாழ 57 ஆகும்.

பார்வைக்கு வேறு கணக்கு. ஒரு கண் முழுமையாகப் போய் மறு கண் நல்ல நிலையில் இருந்தால் 30 சதவீதம் என்று நெறி சொல்வதால், ஒற்றைக் கண்ணோடு வாழ்பவர் எத்தனை நேர்காணல்களில் நிராகரிக்கப்பட்டிருந்தாலும் இடஒதுக்கீட்டுக்குள் வரமாட்டார். மனநோய்க்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் பயன்படுகிறது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை ஆகிய நான்கு துறைகளிலும் நோய் நீடித்த காலத்துக்கும் மதிப்பெண் இட்டு, மொத்தம் 7 வந்தால் 40 சதவீத எல்லை தொடப்படுகிறது. ஆறு மதிப்பெண் பெற்றவருக்கும் ஏழு மதிப்பெண் பெற்றவருக்கும் இடையில் உள்ள வேறுபாடு, சில வேளைகளில், பரிசோதனை நடந்த அன்று நோயாளி தூங்கினாரா இல்லையா என்பதாகக்கூட இருக்கலாம்.

இதில் மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோணமானி கோணத்தைத்தான் அளக்கும். கால்களில் 60 சதவீதப் பாதிப்பு என்று ஒரே சான்றிதழ் பெற்ற இரண்டு பெண்களில் ஒருவர் சென்னையில் மின்தூக்கி உள்ள குடியிருப்பில் வசித்து, கணினியில் வேலை பார்க்கிறார் என்றும், மற்றவர் கொல்லிமலையில் பேருந்து நிறுத்தத்துக்கே ஏறி இறங்க வேண்டிய ஊரில் இருக்கிறார் என்றும் கொண்டால், சட்டத்தின் 'எஸ்' உட்பிரிவின்படி இவ்விருவரின் நிலையும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. ஆனால் அவர்கள் கையில் உள்ள தாளில் இருக்கும் எண் ஒன்றுதான். மலைப்பாதையின் சரிவுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

எண்ணுக்கு இப்போது நிறமும் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டையில் 40க்குக் கீழ் வெள்ளையும், 40 முதல் 80க்குள் மஞ்சளும், 80ம் அதற்கு மேலும் நீலமும் இடப்படுகின்றன. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களிலும் 80 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உடையவருக்கு மட்டுமே உரியது. அந்த வடிகட்டல் அனைத்தையும் தாண்டி வருபவருக்கு 80 வயதுக்கு முன் மத்திய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். மாநிலங்கள் தம் பங்குக்குக் கூட்டிக் கொடுப்பதால்தான் அத்தொகைக்கு ஏதேனும் பொருள் உண்டாகிறது.

அட்டையே இல்லாதவர்களின் கூட்டம் இன்னும் பெரியது. 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று, நாட்டின் மாற்றுத்திறனாளிகளில் 28.8 சதவீதத்தினரிடமே ஊனச் சான்றிதழ் இருப்பதாகக் கண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், அதாவது மக்கள்தொகையில் 2.21 சதவீதம் என்றது. உலக மக்களில் ஏறத்தாழ 16 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க ஊனத்தோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியர்களின் உடல் உலகத்தார் உடலைவிட உறுதியானது என்று யாரும் வாதிடப்போவதில்லை. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது வீட்டினர் மறைப்பதும், எது ஊனம் என்று கேட்கும் கேள்வியே குறுகியிருப்பதும், முதுமையில் மங்கும் பார்வையையும் செவியையும் 'வயசானா வர்றதுதானே' என்று ஒதுக்கிவிடுவதும் சேர்ந்தே இந்த இடைவெளியை உண்டாக்குகின்றன.

ஒரே எண், இரண்டு கதவுகள்

40 சதவீதத்தின் விபரீதம் முழுமையாக வெளிப்பட்ட இடம் மருத்துவக் கல்லூரி வாசல். பேச்சு, மொழிக் குறைபாடு உடைய மாணவர்களுக்கு மருத்துவக் கல்வி நெறிமுறைகள் விதித்திருந்த நிபந்தனை வினோதமானது: 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எம்.பி.பி.எஸ். படிக்கலாம், ஆனால் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடையாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒதுக்கீட்டுக்குரிய தகுதி வரும் அதே கணத்தில் படிப்புக்கான தகுதி போய்விடும். ஒதுக்கீடு இருந்தும் அதற்குள் நுழையக்கூடியவர் எவரும் இல்லாத இந்த ஏற்பாட்டை, 44 முதல் 45 சதவீதக் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற ஒரு மாணவர் எதிர்த்தார். ஓம்கார் கோண்ட் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் 2024 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சதவீதம் ஒன்றைக் காட்டியே ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்க முடியாது என்றும், அவரது குறைபாடு அந்தப் படிப்பைப் படிக்க உண்மையில் இடையூறாக இருக்குமா என்பதை மதிப்பீட்டுக் குழு காரணம் காட்டி எழுத வேண்டும் என்றும் கூறியது. செயல்திறன் மதிப்பீடு எனப்படும் இம்முறையில் குழுவின் முன் வைக்கப்படும் கேள்வியே மாறுகிறது. உடலில் எவ்வளவு குறைவு என்று கணக்கிடுவதோடு குழு நின்றுவிட முடியாது. என்ன ஏற்பாடு செய்துகொடுத்தால் இவரால் இதைச் செய்ய முடியும் என்று அது யோசித்தாக வேண்டும்.

இத்தகைய ஏற்பாட்டைச் சட்டம் 'நியாயமான இசைவேற்பாடு' என்று அழைக்கிறது. செய்துகொடுப்பவருக்குத் தாங்க முடியாத சுமையாகாத வகையில், ஒருவருடைய தேவைக்கேற்ப விதியையோ கருவியையோ நேரத்தையோ மாற்றியமைப்பது என்று அதற்குப் பொருள். குடிமைப் பணித் தேர்வில், எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு உடைய விகாஷ் குமார், தாம் சொல்வதை எழுதுபவர் ஒருவரைக் கேட்டபோது, அவர் 40 சதவீத வகைக்குள் வரவில்லை என்று தேர்வாணையம் மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், இசைவேற்பாடு பெறும் உரிமை 'எஸ்' உட்பிரிவின்படி மாற்றுத்திறனாளியான அனைவருக்கும் உண்டு, 'ஆர்' உட்பிரிவைக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 40 சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்கும் சொல்வதை எழுதுபவரை அனுமதிக்கும் வழிகாட்டு நெறிகள் 2022 ஆகஸ்டில் வந்தன.

இத்தீர்ப்புகள் முற்போக்கானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓம்கார் தீர்ப்பு செயற்கைக் காலோடு பரதநாட்டியம் ஆடிய சுதா சந்திரனையும், செயற்கைக் காலோடு எவரெஸ்ட் ஏறிய அருணிமா சின்ஹாவையும் எடுத்துக்காட்டும் இடத்தில் வாசகர் சற்று நிதானிப்பது நல்லது. சாதனையாளர்களை முன்னிறுத்தும் பழக்கம் ஊடகங்களுக்கும் உண்டு, அவர்களது சாதனையும் மெய்யானது. ஆனால் எவரெஸ்ட் ஏறாதவருக்கும் ஊராட்சி அலுவலகத்துக்குள் ஏற உரிமை உண்டு. நடுத்தர மதிப்பெண் வாங்கி, நடுத்தர வேலை ஒன்றில் அமர்ந்து, மற்றவர்களைப் போலச் சலித்துக்கொள்ளும் உரிமையும் சமத்துவத்தின் பகுதியே.

அலுவலகத்தின் எண் தெருவில் வேறு உருவம் எடுக்கிறது. சமூகமும் ஒருவரைப் பார்த்த கணத்தில் கண்ணாலேயே சதவீதம் போட்டுவிடுகிறது. எண் கூடுதலாகத் தோன்றினால் இரக்கமும், குறைவாகத் தோன்றினால் சந்தேகமும் பிறக்கின்றன. ஊன்றுகோலோடு கோயில் வாசலில் யாருக்காகவோ காத்திருப்பவரின் கையில் முன்பின் தெரியாதவர் காசு வைத்துவிட்டுப் போவது முதல் வகை. செவித்திறன் குறைந்தவரோ மனநோய்க்கு மருந்து உண்பவரோ பேருந்தில் ஒதுக்கீட்டு இருக்கையில் அமர்ந்தால் 'பார்த்தா நல்லாத்தானே இருக்கே' என்று எழுப்பப் பார்ப்பது இரண்டாம் வகை. 2024இல் இந்திய ஆட்சிப் பணிப் பயிற்சி அதிகாரி ஒருவரின் ஊனச் சான்றிதழ் தொடர்பாக எழுந்த சர்ச்சைக்குப் பின், இச்சந்தேகம் இன்னும் கூர்மையாகிவிட்டது. மோசடி தண்டிக்கப்பட வேண்டியதே. ஆனால் அதற்கான விலையை உண்மையான சான்றிதழ் உடையவர்கள் மறுபரிசோதனை வரிசைகளில் நின்று கொடுக்கிறார்கள்.

கண்ணால் போடும் கணக்கு எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு ஜீஜா கோஷ் வழக்கு சான்று. பெருமூளை வாதம் உடைய, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயல்பாட்டாளரான அவர், 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஊனம் தொடர்பான ஒரு மாநாட்டுக்கே செல்லவிருந்தபோது, இருக்கையில் அமர்ந்த பின் ஒரு தனியார் விமானத்திலிருந்து இறக்கப்பட்டார். அவர் பயணம் செய்யத் தகுந்த நிலையில் இல்லை என்று விமானப் பணியாளர்கள் தோற்றத்தைக் கொண்டே முடிவு செய்திருந்தனர். 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இரக்கமும் சந்தேகமும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே தவறான உரிமைகோரலிலிருந்து வருகின்றன: உன்னால் எது முடியும் என்பதை உன்னைக் கேட்காமலே நான் அறிவேன் என்பதே அது.

பதினெட்டு அடி

உடலை இத்தனை நுட்பமாக அளக்கும் அமைப்பு, கட்டடத்தை அளப்பதில் காட்டும் அலட்சியம் வியப்புக்குரியது. சட்டத்தின் 44ஆவது பிரிவு, அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டுமான அனுமதியோ, கட்டி முடித்த பின் நிறைவுச் சான்றிதழோ வழங்கக் கூடாது என்கிறது. 45ஆவது பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சொல்கிறது. விதிகள் 2017 ஜூன் 15 அன்று வெளிவந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. மாவட்டத் தலைநகர் எதிலும் பத்து அலுவலகங்கள் ஏறி இறங்கிப் பார்க்கும் எவருக்கும் அந்தக் கெடுவின் கதி விளங்கும்.

சாய்தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவு. வாசலில் அரையடி உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி, தேவைப்படும் சாய்தளத்தின் நீளம் பதினெட்டு அடி. கட்டி முடித்த பிறகு ஆய்வுக்குப் பயந்து ஒட்டவைக்கப்படும் சாய்தளத்துக்கு ஆறடி இடம் கிடைப்பதே அரிது. அப்போது விகிதம் ஒன்றுக்கு நான்காகி, சக்கர நாற்காலி மேலே ஏறப் பின்னால் இருவர் தள்ள வேண்டியிருப்பதோடு, இறங்கும்போது பிடி நழுவினால் சாலைவரை உருண்டுவிடும் சறுக்குமரமாகவும் அது மாறிவிடுகிறது. இதைக் கண்டறியக் கோணமானி தேவையில்லை, கொத்தனாரின் டேப் போதும்.

விதிமீறலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலேயே, 2005இல், பார்வைத்திறன் அற்ற ராஜீவ் ரதுரி பொது இடங்களை அணுகத்தக்கவையாக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பர் 8 அன்று அவ்வழக்கில் நீதிமன்றம், அணுகல் நெறிகளைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரையாக வைத்திருந்த, 2017 விதிகளின் 15ஆவது விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று அறிவித்து, மீற முடியாத குறைந்தபட்ச அளவுகளைத் தனியே பிரித்து மூன்று மாதங்களில் விதிகள் இயற்றுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 'செய்ய வேண்டும்' என்று நாடாளுமன்றம் எழுதியதை 'செய்தால் நல்லது' என்று அலுவலகம் படித்துக்கொண்டிருந்த நிலை, வழக்குத் தொடுத்து 19 ஆண்டுகள் கழித்தே திருத்தப்பட்டது.

முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்றுகள் உள்ளன. மெரினா மணலில் சக்கர நாற்காலி புதையும் என்பதால், டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டித் தற்காலிகப் பாதை போட்டு நாற்காலியில் வருபவர்களைக் கடலருகே அழைத்துச் செல்லும் வழக்கம் சில ஆண்டுகள் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கடல் பார்க்கலாம் என்பது சலுகை, அதற்கு உரிமை என்று பெயரில்லை. 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை 1.14 கோடி ரூபாயில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியதும், மாநகராட்சி அதைச் சீரமைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். மூட்டுவலியோடு மணலில் கால் வைக்கத் தயங்கும் முதியவர்களுக்கும் அப்பாதை உதவுகிறது. அவர்களில் பெரும்பாலோரிடம் எந்த நிற அட்டையும் இராது. பேருந்துகளின் கதையோ நீதிமன்றப் படியேறி வந்தது: தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரமே உள்ள தாழ்தளப் பேருந்துகளை வாங்காமல் உயரமானவற்றையே வாங்கும் போக்கை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய பின், 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகளோடு புதிய தொகுப்பு மாநகரச் சாலைகளுக்கு வந்தது.

ஆக, 40 சதவீதம் என்ற எண்ணுக்கு ஒரே ஒரு நியாயமான வேலைதான் உண்டு. குறைந்த எண்ணிக்கையில் உள்ள ஒதுக்கீட்டு இடங்களைப் பலரிடையே பங்கிடும்போது ஓர் எல்லை வகுக்க அது உதவும். தேர்வு அறையில் கூடுதல் நேரம், விமானத்தில் இருக்கை, மருத்துவக் கல்லூரியில் நுழைவு, அலுவலக வாசலில் சாய்தளம் ஆகிய எதற்கும் அந்த எண்ணைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

2025இல் தமிழ்நாடு சட்டமன்றம், நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்குவதில் உள்ளாட்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அந்த உறுப்பினர்கள் மன்றக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது கடந்த ஆண்டு அனுமதி பெற்ற திருமண மண்டபம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் வரைபடங்களை. அவற்றில் சாய்தளத்தின் நீளம் குறிக்கப்பட்டிருக்கிறதா, 44ஆவது பிரிவை மீறி நிறைவுச் சான்றிதழில் கையெழுத்திட்டவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் எழுப்பி, விடையைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். மற்ற உறுப்பினர்கள் அவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும்.